பொய்ப் பதக்கமும் மெய்ச் சாட்சியும்



போரைப் பற்றிப் பேச வருபவரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் போர்முனைக்குப் போனவரா?" என்பதே அது. ஆகையால் என்னைப் பற்றித் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்டாளத்தில் சேர்ந்தவன் அல்லன். துப்பாக்கி ஏந்தியவன் அல்லன். போர்க்களத்தை ஏடுகளில் மட்டுமே கண்டவன். இதைக் கேட்டதும், 'அப்படியானால் இவர் போரைப் பற்றிப் பேசலாமா?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அந்த ஐயமே இன்றைய பேச்சின் பொருள். போரை ஆதரித்தோ எதிர்த்தோ பேசும் உரிமை யாருக்கு உண்டு? போர்முனைக்குப் போகாத ஒருவர், போனதாகப் பொய் சொன்னால் அதனால் கெடுவது யாருடைய மானம்? இவ்விரு வினாக்களும் அமெரிக்க நாட்டு முன்னாள் படைவீரர்களை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்துவைத்திருக்கின்றன. அவர்களுடைய வழக்கை ஆராய்ந்தால், சாட்சியை எப்படி எடைபோடுவது என்னும் கலையை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

வழக்கு வியட்நாம் போரில் தொடங்குகிறது. அந்தப் போரில் பணியாற்றிய அமெரிக்கர் சுமார் 27 லட்சம் பேர். 1969-ஆம் ஆண்டின் முற்பகுதியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர் ஒரே சமயத்தில் அங்கே இருந்தனர். மாண்ட அமெரிக்கர் 58,000 பேருக்கு மேல். மாண்ட வியட்நாமியரோ பல லட்சம். 1973 வரை அமெரிக்காவில் கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இருந்தது. ஆகவே அது தொலைதூரத்துப் போராக இருந்தாலும், கல்லூரி வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் விவாதிக்கப்பட்ட போராக ஆயிற்று.

போரை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனபோது, "போரைக் காணாத இளைஞர்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?" என்று பலர் ஏளனம் செய்தனர். அந்த ஏளனத்துக்கு விடையாக 1967-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஒரு சங்கம் பிறந்தது. 'போரை எதிர்க்கும் வியட்நாம் முன்னாள் படைவீரர்கள்' என்பது அதன் பெயர். போரிலிருந்து திரும்பியவர்களே போரை எதிர்க்கத் தொடங்கியபோது நாடு திரும்பிப் பார்த்தது.

1971-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் டெட்ராய்ட் நகரில் இச்சங்கத்தார் ஒரு விசாரணை நடத்தினர். 'குளிர்காலப் படைவீரர் விசாரணை' என்று அதற்குப் பெயர். அமெரிக்க விடுதலைப் போரின்போது 1776-இல் தாமஸ் பெயின் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயரின் கருத்து எடுக்கப்பட்டது. வேனிற்காலத்தில் மட்டும் நாட்டுக்கு நிற்பவரைப் பெயின் கடிந்தார். தாங்கள் கடுங்குளிரிலும் நிற்பவர்கள் என்பது இவர்கள் கருத்து. நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் அங்கே மூன்று நாட்கள் சாட்சியம் கூறினர். குடிமக்கள் கொல்லப்பட்டதையும், ஊர்கள் எரிக்கப்பட்டதையும், கைதிகள் வதைக்கப்பட்டதையும் விவரித்தனர்.

அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று ஜான் கெரி என்னும் முன்னாள் கடற்படை அதிகாரி, செனட் சபையின் வெளிநாட்டு உறவுக் குழுவின் முன் அச்சங்கத்தின் சார்பில் பேசினார். மறுநாள் நூற்றுக்கணக்கான வீரர்கள் தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்ற மாளிகையின் படிகளுக்கு வந்தனர். தங்கள் பதக்கங்களையும் பட்டைகளையும், அங்கே எழுப்பப்பட்டிருந்த வேலிக்கு அப்பால் ஒருவர் பின் ஒருவராக வீசி எறிந்தனர். வீரத்துக்காகப் பெற்ற பதக்கத்தை வீசுவது எளிய செயல் அன்று. பதக்கத்துக்கு மதிப்பு இருந்தமையால்தான் அதை வீசியதற்கும் மதிப்பு ஏற்பட்டது.

எங்கே மதிப்பு உண்டோ அங்கே போலியும் வந்து சேரும். உப்புக்குப் போலி நாணயத்தைப் போல யாரும் போலி செய்வதில்லை. படைவீரன் சொல்லுக்கு விலை ஏறியதும், படைவீரன் அல்லாதவனும் அந்தச் சொல்லை அணிந்துகொள்ள முற்பட்டான்.

1970-இல் மார்க் லேன் என்னும் வழக்கறிஞர், வியட்நாம் வீரர்களுடன் நிகழ்த்திய உரையாடல்களை நூலாக வெளியிட்டார். உள்ளம் நடுங்கவைக்கும் கொடுமைகள் அதில் இருந்தன. வியட்நாமில் செய்தியாளராகப் பணியாற்றி, போரைக் கடுமையாகக் குறைகூறியவரான நீல் ஷீஹன் அந்த நூலை ஆராய்ந்தார். நூலில் பேசியவர்களுள் சிலருடைய பணிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் சொன்னதும் ஏடு சொன்னதும் ஒத்துவரவில்லை. தம் பக்கத்துக்கு உதவக்கூடிய நூல் என்பதற்காக ஷீஹன் அதை விட்டுவிடவில்லை. டெட்ராய்ட் விசாரணையை நடத்தியவர்கள் லேனுடன் கொண்டிருந்த தொடர்பை விலக்கிக்கொண்டு, சாட்சி சொல்ல வந்தவர்களிடம் படை விலகல் சான்றுகளைக் கேட்டுப் பார்த்தனர்.

இவ்வளவு எச்சரிக்கை இருந்தும், சங்கத்தின் தலைமையிலேயே ஒரு பிழை நேர்ந்தது. அதன் செயலாளராக இருந்த ஆல் ஹப்பர்ட், ஏப்ரல் 18 அன்று கெரியுடன் தேசியத் தொலைக்காட்சியில் தோன்றினார். அப்போது விமானப் படையின் முன்னாள் கேப்டன் என்று அறிமுகப்படுத்தப்பட்டார். சில நாட்களில் அவர் கேப்டன் அல்லர், சார்ஜண்ட் நிலையில் இருந்தவரே என்பது வெளிப்பட்டது. அவர் வியட்நாமில் நியமிக்கப்பட்டுப் பணியாற்றியதற்குப் பதிவு இல்லை என்றும், விமானப் பணியாளராக அங்கே சிறிது காலம் இறங்கிச் சென்றிருக்கக்கூடும் என்றும் அதிகாரிகள் அறிவித்தனர். ஹப்பர்ட் தாம் பதவியைக் கூட்டிச் சொன்னதை ஒப்புக்கொண்டார். கறுப்பினத்தவனாகவும் அதிகாரி அல்லாத படைவீரனாகவும் உள்ள ஒருவன் சொல்வதை எவரும் செவிமடுக்கமாட்டார்கள் என்று தாம் எண்ணியதே அதற்குக் காரணம் என்றார்.

இந்தக் காரணத்தை நான் பலமுறை சிந்தித்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சமுதாயத்தின் குற்றமும் அடங்கியிருக்கிறது. ஆளைப் பார்த்துச் சொல்லை மதிக்கும் உலகம், ஆளை மாற்றிக் காட்டத் தூண்டுகிறது. ஆயினும் விளைவு என்ன? சார்ஜண்டாகவே நின்று அவர் பேசியிருந்தால், கேட்பவர் சிலர் குறைந்திருக்கலாம். கேப்டனாக நின்று பேசியதால், உண்மையைச் சொன்ன தோழர்களின் சாட்சியமும் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. "செயலாளரே பொய்யர், மற்றவர் சொல்வதை எப்படி நம்புவது?" என்று எதிர்த்தரப்பார் கேட்டனர். அந்தக் கேள்வி பல ஆண்டுகள் ஓயவில்லை.

முன்னாள் வீரர்களிடையே எழுந்த விவாதத்தின் இரு தரப்பையும் இப்போது நோக்குவோம். ஒரு தரப்பார் கூறுவது இது: "நாங்கள் கடமையைச் செய்து திரும்பினோம். எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, எங்களுடன் இல்லாதவர்கள் எங்களைக் கொலைகாரர்களாக உலகுக்குக் காட்டுகிறார்கள். இறந்த தோழர்கள் மறுமொழி சொல்ல வரமாட்டார்கள்." மற்றத் தரப்பார் கூறுவது இது: "நாங்கள் கண்டதைத்தான் சொல்கிறோம். ஓரிருவர் பொய்யைக் காட்டி எல்லாரையும் பொய்யர் ஆக்குகிறார்கள். எங்கள் ஏடுகளைப் பற்றிப் பேசிப் பேசி, கொல்லப்பட்ட கிராமத்து மக்களைப் பற்றிய பேச்சையே மறைத்துவிடுகிறார்கள்." இருவர் மனப்புண்ணும் உண்மையானதே. இருவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது.

முதல் தரப்புக்கு வலுவூட்டியவர் பி. ஜி. பர்க்கெட் என்பவர். தாமும் வியட்நாமில் பணியாற்றியவர். டெக்ஸாஸ் மாநிலத்தில் போர் நினைவுச் சின்னம் ஒன்றுக்காக நிதி திரட்டியபோது, வியட்நாம் வீரர் என்றாலே மனம் உடைந்தவர், குற்றவாளி என்று மக்கள் எண்ணுவதைக் கண்டு வருந்தினார். பத்திரிகைகளில் அவ்வாறு பேசப்பட்டவர்களின் பணிப் பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி வேண்டிப் பெற்றார். அவர்களுள் பலர் வியட்நாம் மண்ணையே மிதியாதவர்கள் என்பது தெரியவந்தது. 1998-இல் கிளென்னா விட்லி என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட 'திருடப்பட்ட வீரம்' என்னும் பொருளுடைய தலைப்புக்கொண்ட நூல், பிற்காலச் சட்டங்களுக்கே பெயர் தந்தது.

இனி இரண்டாம் தரப்பின் பக்கத்திலிருந்து ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். என் பேச்சில் நீங்கள் ஒரே ஒரு பெயரை நினைவில் வைப்பதானால், இவர் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ரொனால்ட் ரைடனவர் வியட்நாமில் பணியாற்றிய இளைஞர். 1968-ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று மை லாய் என்னும் சிற்றூர்ப் பகுதியில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று முதியவர், பெண்டிர், குழந்தைகள் என்ற வேறுபாடின்றி மக்களைக் கொன்றது. கொல்லப்பட்டவர் 347 பேர் என்று அமெரிக்க இராணுவம் பின்னர் கணக்கிட்டது. 504 பேர் என்று அவ்வூர் நினைவுச் சின்னம் சொல்லுகிறது. ஆனால் அன்றைய இராணுவ அறிக்கையோ பகைவர் 128 பேரைக் கொன்ற வெற்றி என்று அதைக் குறித்திருந்தது. போரைப் பற்றிய பொய் வேடதாரிகளின் தனிச்சொத்து அன்று. முத்திரையிட்ட அறிக்கையிலும் அது குடியிருக்கும் என்பதற்கு இது சான்று.

ரைடனவர் அன்று அந்த ஊரில் இல்லை. அங்கிருந்த தோழர்கள் பிறகு சொல்லக் கேட்டார். ஒருவரிடம் கேட்டதோடு நில்லாமல், பலரைத் தேடிச் சென்று விசாரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். நாடு திரும்பியபின் 1969-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் சிறப்பு எதில் இருக்கிறது? யார் சொன்னார், எப்போது சொன்னார், எதைத் தாமே கண்டார், எதைக் கேட்டறிந்தார் என்று வரி வரியாகப் பிரித்துக் கூறினார். 'நானும் அங்கிருந்தேன்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் கடிதம் இன்னும் சூடாக இருந்திருக்கும். ஆனால் விசாரணையின் முதல் நாளிலேயே அது சாம்பலாகியிருக்கும். அவர் சேர்க்கவில்லை. ஆகவே அது நின்றது. இராணுவம் விசாரணையைத் தொடங்கியது. 1969 நவம்பரில் செய்தி உலகெங்கும் பரவியது. 1971 மார்ச் மாதத்தில் லெப்டினண்ட் வில்லியம் காலி குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சம்பவ இடத்தில் இல்லாத ஒருவர், இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லியதால், உண்மை வெளிவந்தது.

சரிபார்ப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க வீரர் படையிலிருந்து விலகும்போது 'டி.டி. 214' என்னும் எண்ணுடைய சான்று ஒன்று பெறுகிறார். அவர் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, பெற்ற பதக்கங்கள் ஆகியவை அதில் இருக்கும். மூலப் பதிவேடுகள் செயின்ட் லூயிஸ் நகரத்திலுள்ள ஆவண நிலையத்தில் காக்கப்படுகின்றன. ஆனால் ஏடும் எல்லாம் அறிந்த கடவுள் அன்று. 1973-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று அந்த நிலையத்தில் தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியோரின் பதிவுகளில் 80 விழுக்காடு போயிற்று. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் இரத்தம் சிந்தியவர் பலருக்கு, தங்கள் சேவையை மெய்ப்பிக்க மூல ஏடு இல்லை. 'பதிவு இல்லை, ஆகவே பொய்' என்று விரைந்து முடிவு கட்டினால், உண்மை வீரனையும் வேடதாரி ஆக்கிவிடுவோம்.

பொய் என்று குற்றம் சாட்டுபவருக்கும் ஆதாரம் தேவை. டெட்ராய்ட் சாட்சிகளுள் சிலர் பிறர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்தனர் என்று கடற்படையின் புலனாய்வு அறிக்கை ஒன்று காட்டுவதாக, கண்டர் லூயி என்னும் அறிஞர் 1978-இல் தம் நூலில் எழுதினார். பலரும் அதை எடுத்து ஆண்டனர். பின்னாளில் அந்த அறிக்கையைத் தேடியபோது, அது இருந்ததாக அத்துறையினரால் உறுதி செய்ய முடியவில்லை. சாட்சியிடம் சான்று கேட்ட நாம், சாட்சியைப் பழிப்பவரிடமும் அதே சான்றைக் கேட்பதுதான் முறை. இதற்கிடையில் இராணுவமே விசாரித்து மெய்யென்று கண்ட அத்துமீறல்கள், மை லாய் நீங்கலாக, 320 என்று அதன் பழைய கோப்புகளை ஆராய்ந்த செய்தியாளர்கள் 2006-இல் வெளியிட்டனர். வேடதாரிகள் இருந்தார்கள் என்பதும் உண்மை. கொடுமைகள் நடந்தன என்பதும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மூட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1967 டிசம்பரில் ஹூஸ்டன் நகரில், படைக்கு ஆள் சேர்க்கும் நிலையத்தின் முன் சிலர் போரெதிர்ப்புத் தெருநாடகம் ஒன்றை நடித்தனர். படையில் இல்லாத டேனியல் ஷாக்ட் அதில் இராணுவ உடை அணிந்து நடித்தார். உரிமையின்றி அவ்வுடை அணிந்த குற்றத்துக்காக அவருக்கு 6 மாதச் சிறையும் 250 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. நாடகத்தில் நடிகர் இராணுவ உடை அணியலாம், ஆனால் படைக்கு இழிவு வரும்படி நடிக்கலாகாது என்பது அன்றைய சட்டம். உச்சநீதிமன்றம் 1970-இல் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. படையைப் புகழ்ந்து நடிப்பவருக்கு ஒரு நீதி, குறைகூறி நடிப்பவருக்கு வேறொரு நீதி இருத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: நாடக மேடையில் அணியும் உடை எவரையும் ஏமாற்றுவதில்லை. பார்ப்பவர் அதை வேடம் என்று அறிவர்.

ஏமாற்றும் நோக்குடன் சொல்லும் பொய்க்கு வேறொரு வழக்கு உண்டு. பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்வதையே குற்றமாக்கும் சட்டம் 2006 டிசம்பரில் கையொப்பமாயிற்று. கலிபோர்னியாவில் நீர் வழங்கல் வாரியம் ஒன்றின் உறுப்பினரான சேவியர் அல்வாரஸ், 2007-இல் ஒரு கூட்டத்தில் தம்மை அறிமுகம் செய்துகொண்டபோது, கடற்காலாட் படையில் 25 ஆண்டுகள் இருந்ததாகவும் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றதாகவும் கூறினார். அத்தனையும் பொய். போர் எதிர்ப்புக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை. பெருமைக்காகச் சொன்ன பொய் அது. 2012 ஜூன் 28 அன்று உச்சநீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. எது பொய் என்று தீர்மானித்துத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் முழுவதும் ஒப்படைத்தால், நாளை அது பேச்சுரிமையையே விழுங்கிவிடும் என்பது நீதிபதிகளின் அச்சம். பொய்யான பேச்சை மெய்யான பேச்சால் வெல்லலாம். பதக்கம் பெற்றோரின் பட்டியலை எல்லாரும் காணும்படி வெளியிடலாம் என்று தீர்ப்பில் வழியும் காட்டப்பட்டது. 2013-இல் வந்த புதிய சட்டம், பணமோ பொருளோ வேறு பயனோ பெறும் நோக்குடன் அவ்வாறு ஏமாற்றுவதையே குற்றமாக வரையறுத்தது.

இந்தப் பாடத்தை ஈராக் போர்க் காலத்து வீரர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2006-இல் ஓர் இளைஞர், ஈராக்கில் தாம் செய்த படுகொலைகள் என்று பலவற்றை விவரித்தார். போர் எதிர்ப்பாளர் சிலர் நம்பினர். அவரோ பயிற்சி முகாமில் 44 நாட்கள் மட்டுமே இருந்து விலக்கப்பட்டவர். அவரைப் பற்றிய உண்மையை விரைந்து வெளியிட்டவர்கள் முன்னாள் வீரர்களே. அரசாங்கத்திடம் உதவித்தொகை பெறப் பொய்ச் சான்று தந்ததற்காக 2007-இல் அவருக்கு 5 மாதச் சிறை கிடைத்தது. அதன் பிறகு 2008 மார்ச் மாதத்தில், போரை எதிர்க்கும் ஈராக் முன்னாள் படைவீரர்கள் மேரிலாந்து மாநிலத்தில் மீண்டும் ஒரு குளிர்கால விசாரணை நடத்தினர். இம்முறை சாட்சிகளின் சான்றுகளையும் அவர்கள் சொல்லும் செய்தியையும் முன்னதாகவே ஆராய்ந்து, அதன் பிறகே மேடை ஏற்றினர். தம் பக்கத்தவரைச் சோதிப்பது துரோகம் அன்று, காவல் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு தாய் வழிகாட்டுகிறாள். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதியவள் அவள். அவளுடைய மகன் புறங்காட்டி மாண்டான் என்று பலர் சொன்னார்கள். ஊரார் சொல்லை அவள் அப்படியே ஏற்கவும் இல்லை; தாய்ப்பாசத்தால் தள்ளவும் இல்லை. வாளை ஏந்திக் களத்துக்கே போனாள். பிணங்களைப் புரட்டிப் பார்த்தாள். மகன் சிதைந்து கிடந்த நிலையைத் தன் கண்ணால் கண்ட பின்னரே மகிழ்ந்தாள். பழியையும் புகழையும் களத்தில் போய்ப் பார்த்து முடிவு செய்யும் அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.

மாணவ நண்பர்களே, போரைப் பற்றி ஒருவர் பேசக் கேட்கும்போது மூன்று வினாக்களைத் தனித்தனியே கேளுங்கள். இவர் தாம் சொல்லும் இடத்தில் இருந்தாரா? இவர் சொல்லும் செய்தி மற்றச் சான்றுகளோடு ஒத்துவருகிறதா? இவர் அதிலிருந்து சொல்லும் முடிவு நியாயமானதா? முதல் வினாவுக்குப் பணிப் பதிவேடு விடை தரும். இரண்டாவதற்கு ஆராய்ச்சி விடை தரும். மூன்றாவதற்கு உங்கள் அறிவும் மனச்சான்றுமே விடை தர வேண்டும். பதக்கம் பல பெற்ற வீரரும் போரைப் பற்றித் தவறான முடிவுக்கு வரலாம். படை உடையே அணியாத ஆசிரியரோ உழவரோ சரியான முடிவுக்கு வரலாம். ஒரு குடியரசில் போரும் அமைதியும் எல்லாக் குடிமக்களுக்கும் உரிய வினாக்கள். அவற்றைப் பற்றிப் பேசுவதற்குப் பட்டாளச் சீட்டு தேவையில்லை.

ஆகவே போரை எதிர்ப்பவரோ ஆதரிப்பவரோ, இல்லாத சேவையை இரவல் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நான் அங்கே இல்லை, ஆயினும் இன்ன சான்றுகளைக் கண்டு இன்னவாறு எண்ணுகிறேன் என்று நிமிர்ந்து சொல்லலாம். இரவல் பதக்கம் அணிபவன், அதை உண்மையாகப் பெற்றவனிடமிருந்து மட்டும் திருடவில்லை. மை லாயில் மாண்ட குழந்தைகளுக்காகப் பேசக்கூடிய மெய்யான சாட்சியின் குரலையும் சேர்த்தே திருடுகிறான்.